நின்றுபோன இத்தாலிய வண்டி: டுகாட்டி, மோட்டோ குஸ்ஸி, மொரினி – எதை வாங்கி எழுப்புவது?

வட இத்தாலியில் ஒரு வீட்டின் பெரியவர் காலமாகிறார். பிள்ளைகள் கராஜைக் காலி செய்யும்போது பழைய போர்வைக்கு அடியிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வெளியே வருகிறது. இருபது ஆண்டுகளாக, சில சமயம் முப்பது ஆண்டுகளாக அது அங்கேயே நின்றிருக்கும். விளம்பரத்தில் இரண்டே வரிகள்: "நிறுத்தும்போது ஓடிக்கொண்டுதான் இருந்தது. கார்புரேட்டரைச் சுத்தம் செய்தால் போதும்." முதல் வரி பெரும்பாலும் உண்மை. இரண்டாவது வரி உண்மையாக இருந்த ஒரு வண்டியை நான் இன்னும் பார்க்கவில்லை.

மிலான், சூரிச், லண்டன் என்று ஐரோப்பாவில் வாழும் நம்மவர்களில் பழைய வண்டிப் பித்துப் பிடித்தவர்கள் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். கையிலிருக்கும் பணத்துக்குள் மூன்று வண்டிகள் கண்ணில் படுகின்றன, மூன்றும் ஓடாத நிலையில் இருக்கின்றன, எதை எடுப்பது? அந்த மூன்றும் பெரும்பாலும் இவையாகத்தான் இருக்கும்: தொண்ணூறுகளின் கார்புரேட்டர் டுகாட்டி (900 எஸ்எஸ் அல்லது மான்ஸ்டர்), எழுபது எண்பதுகளின் பெரிய இன்ஜின் மோட்டோ குஸ்ஸி (850 டி3 போன்றவை), மோட்டோ மொரினியின் மூன்றரை (350 சிசி வகுப்பு வண்டியின் பெயர்). லவெர்தாவின் மூன்று சிலிண்டர் வண்டிகளை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். அழகில் அவை யாருக்கும் குறைந்தவை அல்ல. ஆனால் நின்றுபோன லவெர்தாவை முதல் வண்டியாக எடுப்பவருக்கு ஆலோசனை தேவைப்படாது, அனுதாபம்தான் தேவைப்படும்.

## எதை வைத்து எடை போடுவது

குதிரைத்திறன், உச்ச வேகம், அந்தக் காலத்துப் பந்தய வெற்றிகள் எல்லாம் ஓடும் வண்டிக்கு உரிய பேச்சு. நின்றுபோன வண்டிக்கு அளவுகோல்கள் வேறு.

முதலாவதும் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானதும், வண்டி எங்கே, எந்த நிலையில் நின்றது என்பது. போ ஆற்றுச் சமவெளியின் பனிமூட்டம் பேர்பெற்றது. குளிர்காலம் முழுக்க இரும்பின் மேல் ஈரம் படிந்துகொண்டே இருக்கும். அங்கே மண்தரைத் தொழுவத்தில் பத்து ஆண்டு நின்ற வண்டியைவிட, சிமெண்ட் தரைக் கராஜில் முப்பது ஆண்டு நின்ற வண்டி நல்ல நிலையில் இருக்கும். லிகூரியாக் கடற்கரையிலிருந்து வரும் வண்டியில் அலுமினியம் முழுக்க வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது உப்புக்காற்றின் வேலை. வைக்கோல் இருந்த இடமென்றால் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். எலிகள் கூடு கட்டியிருந்தால், ஒயரைக் கடித்ததைவிட அவற்றின் சிறுநீர் அலுமினியத்தை அரித்ததுதான் பெரிய நஷ்டமாக இருக்கும்.

டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பது பத்து நொடி வேலை. உள்ளே வண்ணப்பூச்சு போன்ற நெடியும் பழுப்புப் பிசினும் இருந்தால் பெட்ரோலோடு நிறுத்தியிருக்கிறார்கள். அந்தப் பிசின் கார்புரேட்டர் ஜெட் வரை போயிருக்கும். துரு செதில் செதிலாக இருந்தால் தண்ணீர் தேங்கியிருக்கிறது. யாராவது டேங்க் உட்பூச்சுத் திரவம் ஊற்றி அது தோலாக உரிந்து கிடந்தால், துருப்பிடித்த டேங்க்கைவிட அது மோசம். துருவைச் சிட்ரிக் அமிலம் கரைத்துவிடும். பழைய உட்பூச்சை அகற்றுவதோ பல நாள் எரிச்சல்.

இரண்டாவது அளவுகோல், அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தால் எது உடையும் என்பது. இதில்தான் மூன்று வண்டிகளும் வெகுவாக வேறுபடுகின்றன. மூன்றாவது, உதிரிபாகம் இன்றைக்கும் புதிதாகக் கிடைக்கிறதா என்பது. நான்காவது, எவ்வளவு வேலையை உங்கள் கையாலேயே செய்ய முடியும், அதற்கு எத்தனை தனிக் கருவிகள் வாங்க வேண்டும். ஐந்தாவது, காகிதம். ஆறாவது, ஓடத் தொடங்கியபின் அந்த வண்டியை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள். இந்தக் கடைசிக் கேள்வியை எல்லோரும் கடைசியில்தான் கேட்டுக்கொள்கிறார்கள். முதலில் கேட்டுக்கொண்டால் பாதி விளம்பரங்களைத் திறக்கவே வேண்டியிருக்காது.

## எந்த வண்டியானாலும் வரும் செலவு

விளம்பர விலையோடு இதைச் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். டயர் இரண்டும் கட்டாயம் மாற்ற வேண்டும். பக்கவாட்டில் உள்ள டாட் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர். பள்ளங்கள் புதிது போல ஆழமாக இருந்தாலும் அதில் ஏறி ஊரைச் சுற்றக் கூடாது. பேட்டரி, பெட்ரோல் குழாய்கள், ஆயில், ஃபில்டர், ஸ்பார்க் பிளக், முன் ஃபோர்க் ஆயில் சீல் எல்லாம் புதிது.

டிஸ்க் பிரேக் வண்டி என்றால் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரை முழுதாகப் பிரித்தே ஆக வேண்டும். சீல் உட்காரும் பள்ளத்தில் அலுமினியம் அரித்து வெள்ளைப் படிவம் சேரும். அது சீலை உள்ளிருந்து தள்ளிப் பிஸ்டனை இறுக்கிவிடும். வெறுமனே புது பிரேக் ஆயில் ஊற்றிக் காற்று எடுத்தால், பிரேக் பிடிக்கும், ஆனால் விடாது. படிவத்தைச் சுரண்டி எடுத்து, சீல் புதிதாகப் போட்டு, ரப்பர் குழாய்க்குப் பதில் ஸ்டீல் பின்னல் போட்ட குழாய் மாட்டினால் அந்தத் தலைவலி தீர்ந்தது.

இன்ஜின் சுற்றுகிறதா என்று பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, ஊறவிட்டு, மேல் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். தட்டுப்பட்டால் நிறுத்திவிடுங்கள். விற்பவர் ஆர்வத்தில் பேட்டரியை மாட்டி ஸ்டார்ட்டரை அழுத்தப் போனால், கையைப் பிடித்துத் தடுப்பது மரியாதைக் குறைவு ஆகாது.

## டுகாட்டி 900 எஸ்எஸ், மான்ஸ்டர்: இரண்டு வால்வு, இரண்டு பெல்ட்

1991 முதல் வந்த கார்புரேட்டர் 900 எஸ்எஸ், 1992-இல் கொலோன் கண்காட்சியில் காட்டப்பட்டு அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்த மான்ஸ்டர் 900 இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே இன்ஜின்தான். 904 சிசி, காற்றால் குளிரும் 90 பாகை இரட்டை சிலிண்டர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு வால்வு, அவற்றை இயக்க ஒரு பல்பெல்ட் (பற்கள் உள்ள ரப்பர் பட்டை). வால்வைத் திறப்பது போலவே மூடுவதையும் ஸ்பிரிங்கிடம் விடாமல் தனி ராக்கரே (சிறு நெம்புகோல்) செய்யும். ஃபாபியோ தாலியோனி ஐம்பதுகளில் பந்தய வண்டிக்காகக் கொண்டுவந்த டெஸ்மோ முறை இது.

நின்றுபோன டுகாட்டியில் பயப்பட வேண்டியது பெல்ட்டுக்குத்தான், டெஸ்மோவுக்கு அல்ல. இரண்டு ஆண்டு அல்லது 20,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டிய ரப்பர் பெல்ட், ஒரே நிலையில் உருளைகளைச் சுற்றி வளைந்தபடி இருபது ஆண்டு இருந்திருக்கிறது. வளைந்த இடம் அப்படியே விறைத்திருக்கும். ஸ்டார்ட்டரை அழுத்தி அது அறுந்தாலோ ஒரு பல் தாண்டினாலோ வால்வு பிஸ்டனில் மோதும். ஒரு நொடியில் மலிவான இரண்டு ரப்பர் பட்டைகளின் செலவு, சிலிண்டர் ஹெட் செலவாக மாறிவிடும். பெல்ட் மூடி பிளாஸ்டிக். சில ஸ்குருக்களைக் கழற்றினால் பார்த்துவிடலாம். புது பெல்ட் மாட்டும்வரை ஸ்டார்ட்டர் பட்டனுக்கும் உங்களுக்கும் உறவு வேண்டாம்.

டெஸ்மோ பற்றிய அச்சம் மிகையானது. வால்வின் இடைவெளியைச் சரிசெய்வது ஷிம் என்ற அளவுத் துண்டுகளால். ஒவ்வொரு வால்வுக்கும் திறக்க ஒரு ஷிம், மூட ஒரு ஷிம். இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்து எட்டு. பொறுமையும் மைக்ரோமீட்டரும் உள்ளவர் வீட்டிலேயே செய்யலாம். ஆனால் அளவு தவறிய ஷிம்மை மாற்ற விதவிதமான அளவில் ஷிம் இருப்பு வேண்டும். அதுவும் கருவிகளும் சேர்ந்தால் ஒரு முறை பட்டறைக்குக் கொடுக்கும் கூலி வந்துவிடும். வண்டியைப் பல ஆண்டு வைத்திருக்கப் போகிறவருக்கே அந்த முதலீடு நியாயம்.

திறந்து பார்க்கும்போது ராக்கரின் தேய்முகத்தை உற்றுப் பாருங்கள். தொண்ணூறுகளின் டுகாட்டிகளில் அங்கே உள்ள குரோம் பூச்சு உரிவது தெரிந்த நோய். ஈரத்தில் நின்ற 900-களில் சிலிண்டரைப் பிடித்திருக்கும் ஸ்டட் அரித்து முறிவதும் உண்டு. 900 எஸ்எஸ்ஸின் பின்சக்கரத்தைத் தாங்கும் அலுமினிய ஸ்விங்ஆர்மில் கீறல் இருக்கிறதா என்று பின் அச்சுப் பக்கம் துடைத்துப் பார்க்க வேண்டும். 900-இன் கிளட்ச் ஆயிலில் மூழ்காத உலர்ந்த வகை. நின்ற காலத்தில் அதன் எஃகுத் தட்டுகள் துருவேறி ஒட்டியிருக்கும். அதை இயக்கும் சிறிய ஹைட்ராலிக் சிலிண்டர் புதிய வண்டியிலேயே கசியும் பேர்வழி. 1994-இல் வந்த மான்ஸ்டர் 600-இல் கிளட்ச் ஆயிலில் ஓடுவது, இன்ஜின் எளிது, விலையும் குறைவு. பெருமைக்காக அல்லாமல் ஓட்டுவதற்காக வாங்குகிறவர் அதையும் பார்க்கலாம்.

மிகுனி கார்புரேட்டர் ஜப்பானியப் பொருள் என்பதால் ஜெட், டயாஃப்ரம் எல்லாம் எளிதில் கிடைக்கும். டயாஃப்ரத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஊசித்துளை தேடுங்கள். மொத்தத்தில் மூன்றிலும் உதிரிபாகத்துக்குக் குறைவாக அலைய வைப்பது இதுதான். வண்டி உங்கள் வயதை நெருங்காதது, நிறைய விற்றது, நிறுவனமும் இன்றுவரை போர்கோ பனிகாலேயில் அதே இடத்தில் இருக்கிறது.

இது சரியான தேர்வு ஆகும் இடம்: சர்வீஸ் ரசீதுகளோடு, ஒரே உரிமையாளரிடம், உலர்ந்த கராஜில் நின்ற வண்டி. ரசீது இல்லாத, இரண்டு மூன்று கை மாறிய, புகைபோக்கியும் ஜெட்டும் மாற்றிய வண்டி என்றால் விலை பாதியாக இருந்தாலும் விட்டுவிடுவேன். முந்தையவர் எங்கெங்கே கை வைத்தார் என்று கண்டுபிடிக்கும் கூலி எந்தத் தள்ளுபடியிலும் அடங்காது.

## மோட்டோ குஸ்ஸி: திறந்து காட்டும் இன்ஜின்

கோமோ ஏரியின் கிழக்குக் கிளைக் கரையில் மாண்டெல்லோ டெல் லாரியோ என்ற சிற்றூர். 1921-இல் தொடங்கிய மோட்டோ குஸ்ஸி இன்றும் அங்கேதான் இருக்கிறது. 1967-இன் வி7 முதல் வந்த பெரிய இன்ஜின்களில், இரண்டு சிலிண்டரும் வண்டியின் இருபுறமும் முழங்காலுக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். லீனோ தோன்தி வடிவமைத்த சட்டகம் 1971-இன் வி7 ஸ்போர்ட்டில் வந்தது. அதன் வம்சம்தான் 850 டி3-யும், அதைவிட விலை கூடிய லமான்ஸும்.

அந்தத் துருத்தல் ஓட்டுபவரைவிட எழுப்புபவருக்குப் பெரிய வரம். டேப்பெட்டை, அதாவது வால்வு இடைவெளியை, சரிசெய்ய வால்வு மூடியின் சில போல்ட்டுகளைக் கழற்றினால் போதும். திருகும் நட்டும்தான், ஷிம் கிடையாது. சிலிண்டர் ஹெட்டையும் சிலிண்டரையும் இன்ஜினைக் கீழே இறக்காமலே கழற்றிவிடலாம். பெல்ட் இல்லை. பின்சக்கரத்துக்கு ஷாஃப்ட், எனவே செயினும் இல்லை. ஃபீலர் கேஜும் சாதாரண ஸ்பானர் பெட்டியும் வைத்திருப்பவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இந்த இன்ஜினின் உடல்நிலையைத் தெரிந்துகொள்ளலாம். வேறு இரண்டிலும் அது முடியாது.

ஆனால் ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. எழுபதுகளின் பெரும்பகுதி முழுக்க இந்தச் சிலிண்டர்களின் உட்சுவரில் கெட்டி குரோம் பூசினார்கள். ஈரத்தில் நின்றால் குரோமுக்கு அடியில் அரிப்பு புகும். பிறகு வண்டியை ஓட்டும்போது அது செதிலாக உரியும். அந்தச் செதில் ஆயிலோடு கலந்து கிராங்க் பேரிங் வரை போகும். இந்தப் பூச்சுள்ள சிலிண்டருக்கு நம் ஊர் லேத் பட்டறை வழியில் உட்சுவரைக் கடைந்து பெரிதாக்கிப் பெரிய பிஸ்டன் மாட்டவும் முடியாது. பிஸ்டனோடு சேர்த்துப் புது சிலிண்டர் செட்தான் வழி. எண்பதுகளை ஒட்டி நிக்கல் சிலிக்கன் பூச்சுக்கு மாறியபின் இந்தத் தொல்லை இல்லை. மாற்று சிலிண்டர்களும் அந்தப் பூச்சோடுதான் வருகின்றன, மாண்டெல்லோவிலேயே இருக்கும் கிலார்தோனி அவற்றுக்குப் பேர்பெற்றது. நல்ல செய்தி, கிடைக்கிறது. கெட்ட செய்தி, விலை. 1979-க்கு முந்தைய குஸ்ஸிக்குப் பேரம் பேசும்போது அந்த செட்டின் விலையைக் கழித்துவிட்டே பேசுங்கள். சிலிண்டர் நன்றாக இருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

அதைத் தெரிந்துகொள்ள இந்த இன்ஜின் தானே ஒரு வழி வைத்திருக்கிறது. 1975-இன் டி3 முதல் ஆயில் ஃபில்டர் இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப் தட்டுக்குள் ஒளிந்திருக்கும். ஃபில்டர் மாற்ற வேண்டுமானால் அந்தத் தட்டு முழுவதையும் கழற்ற வேண்டும். ஓடும் வண்டிக்கு இது சலிப்பூட்டும் ஏற்பாடு. நின்றுபோன வண்டிக்கோ தட்டைக் கீழே இறக்கி வெயிலில் வைத்துப் பார்த்தால் போதும். பளபளக்கும் செதில்கள் கிடந்தால் கதை தெரிந்துவிடும். விற்பவர் இதற்குச் சம்மதிப்பது அரிதுதான். கேட்டுப் பாருங்கள், மறுக்கும் விதத்திலேயே சில விஷயங்கள் தெரியும்.

அடுத்த மறைசெலவு கிளட்ச். கார் போல இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உலர்ந்த கிளட்ச். நின்ற காலத்தில் தட்டு ஒட்டிக்கொண்டாலோ, கிராங்க்கின் பின்சீல் கசிந்து தட்டு ஆயிலில் நனைந்தாலோ, வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். தோன்தி சட்டகத்தின் கீழ்த்தண்டுகள் கழன்று வரும் என்பதால், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் தரையில் தாங்கி நிறுத்திச் சட்டகத்தை மேலே தூக்கிவிடுகிறார்கள். பாகம் மலிவு, உழைப்பு அதிகம். எனவே உள்ளே போகும்போது கிளட்ச் தட்டு, பின்சீல், கியர்பாக்ஸ் முன்சீல் மூன்றையும் சேர்த்தே மாற்றுவதுதான் புத்தி. ஷாஃப்ட்டின் யுனிவர்சல் ஜாயிண்ட்டை மூடும் ரப்பர் கிழிந்திருந்தால் அதையும் அப்போதே பாருங்கள்.

டி3-யின் பிரேக் ஏற்பாடு புதியவரைத் திகைக்க வைக்கும். காலால் மிதித்தால் பின் டிஸ்க்கோடு இடது முன் டிஸ்க்கும் பிடிக்கும். கைப்பிடி வலது முன் டிஸ்க்கை மட்டும் பிடிக்கும். பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டிய காலிப்பர் ஆக மூன்று. முந்தைய உரிமையாளர் இதைப் பிரித்து வழக்கமான பிரேக்காக மாற்றியிருந்தால், மாஸ்டர் சிலிண்டரின் அளவையும் மாற்றினாரா என்று கேளுங்கள். லமான்ஸ் என்ற பெயரில் டி3-யை ஒப்பனை செய்து விற்பதும் பழைய வழக்கம். சட்டக எண்ணையும் இன்ஜின் எண்ணையும் மாதிரிப் பட்டியலோடு ஒப்பிடாமல் லமான்ஸ் விலை கொடுக்க வேண்டாம்.

சிறிய இன்ஜின் வி35, வி50 வண்டிகள் மலிவாகக் கிடைக்கும், கனமும் குறைவு. அவற்றில் பல மிலானின் லாம்பிராட்டே பகுதியில் உள்ள இன்னொசென்தி ஆலையில் உருவானவை. அதே இன்னொசென்தியின் லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர் இயந்திரங்கள்தான் எழுபதுகளில் லக்னோவுக்குப் போய் விஜய் சூப்பரைப் பெற்றுத் தந்தன என்பது நம்மில் மூத்தவர்களுக்கு ஒரு தொலைதூர உறவு. வி50-ஐ முதல் பயிற்சி வண்டியாக எடுப்பதில் தவறில்லை. ஆனால் எழுப்பும் உழைப்பு பெரிய வண்டிக்கு ஆவதுதான், முடிவில் கையிலிருக்கும் வண்டியின் மதிப்போ வெகு குறைவு.

## மோட்டோ மொரினி மூன்றரை: சிறிய வண்டி, நுணுக்கமான வண்டி

இத்தாலியில் 350 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு வரி கூடுதலாக இருந்த காலத்தில், அந்த வரம்புக்குள் உண்மையான எஞ்சினியரிங் காட்டியது பொலோன்யாவின் மொரினி. ஃபிராங்கோ லம்பெர்தீனி வடிவமைத்த 344 சிசி இன்ஜின், 72 பாகை இரட்டை சிலிண்டர், ஆறு கியர், எலக்ட்ரானிக் இக்னிஷன். 1973-இல் இது சாதாரண விஷயம் அல்ல. சிலிண்டர் ஹெட் அடிப்பக்கம் தட்டையாக இருக்கும், எரியும் அறை பிஸ்டனின் தலையில் குழிக்கப்பட்டிருக்கும். உள்ளே கேம்ஷாஃப்ட்டைச் சுழற்றுவது ஒரு பல்பெல்ட், அங்கிருந்து வால்வுக்குத் தள்ளுகோல்கள்.

எழுப்புபவருக்கு இதில் இரண்டு அனுகூலங்கள். இக்னிஷன் பேட்டரியை நம்பியில்லை. பேட்டரி செத்திருந்தாலும் கிக்கரை உதைத்தால் ஸ்பார்க் வரும். ஆகவே வாங்கும் இடத்திலேயே, பிளக்கைக் கழற்றி ஹெட்டில் தொடவிட்டு, ஸ்பார்க் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். உதைக்கும் முன் பெல்ட்டைக் கண்ணால் பார்ப்பது இங்கும் நல்லது. இரண்டாவது, வண்டி இலகு. தனி ஆளாக வேனில் ஏற்றலாம், சின்ன அறையில் பிரித்து வைக்கலாம். அடுக்குமாடி வீட்டில் வாழ்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. கிக்கர் இடப்பக்கம் இருப்பதற்குப் பழக வேண்டும். பிற்காலத்தில் வந்த மின் ஸ்டார்ட்டரை நம்பி வண்டியின் விலையை உயர்த்திக் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தொல்லை உதிரிபாகத்தில். டெலோர்த்தோ கார்புரேட்டருக்கு ஜெட்டும் வாஷரும் இன்றும் கிடைக்கும், பெல்ட்டும் சீல்களும் கிடைக்கும். ஆனால் கியர்பாக்ஸ் பற்சக்கரம், அசல் சைலன்சர், பக்கவாட்டு மூடிகள், மீட்டர்கள் என்று வந்தால் தேட வேண்டும். ஒரு சில சிறப்புக் கடைகளையும் மொரினி உரிமையாளர் சங்கங்களையும் சார்ந்தே பிழைக்க வேண்டும். எனவே மொரினி வாங்கும்போது பார்க்க வேண்டியது இன்ஜினின் நிலையைவிட வண்டியின் முழுமை. இன்ஜின் பிடித்துக்கொண்ட ஆனால் ஒரு திருகுகூடக் குறையாத மொரினியை, ஓடும் ஆனால் பாதிப் பாகம் தொலைந்த மொரினிக்கு மேலாகவே எடுப்பேன்.

டிரம் பிரேக் உள்ள ஆரம்பகால வண்டிகளில் ஒரு ஆபத்து: பல்லாண்டு ஈரத்தில் நின்ற பிரேக் ஷூவிலிருந்து லைனிங் ஒட்டு விட்டு, முதல் ஓட்டத்திலேயே கழன்று சக்கரத்தைப் பூட்டிவிடலாம். பார்க்க நன்றாக இருந்தாலும் புது லைனிங் ஒட்டாமல் சாலையில் ஏற வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | டுகாட்டி 900 எஸ்எஸ் / மான்ஸ்டர் | மோட்டோ குஸ்ஸி 850 வகை | மொரினி மூன்றரை |
|---|---|---|---|
| அவசர ஸ்டார்ட்டின் விளைவு | பெல்ட் அறுந்து வால்வு வளையும் | குரோம் செதில் பேரிங்குக்குப் போகும் | பெல்ட் பார்க்காவிட்டால் ஆபத்து |
| வாங்கும் இடத்தில் சோதனை | பெல்ட் மூடி திறந்து பார்க்கலாம் | டேப்பெட் மூடி. சம்மதித்தால் சம்ப் | பேட்டரி இல்லாமலே ஸ்பார்க் பார்க்கலாம் |
| சொந்தக் கை வேலை | பெல்ட் வரை எளிது, ஷிம்முக்குக் கருவி வேண்டும் | பெரும்பகுதி சாதாரண ஸ்பானர், கிளட்ச் தவிர | நுணுக்கம், ஆனால் இடம் குறைவாகப் போதும் |
| உதிரிபாகம் | தாராளம் | தாராளம், சிலிண்டர் செட் விலை அதிகம் | இன்ஜினுக்குப் பரவாயில்லை, மற்றவை அரிது |
| பெரிய மறைசெலவு | ராக்கர், ஸ்டட், கிளட்ச் | சிலிண்டர், கிளட்ச் உழைப்பு | தொலைந்த பாகங்கள் |
| ஓடியபின் பயன் | வார இறுதி மலைப்பாதை | நெடுந்தூரம், இருவர் பயணம் | ஊரைச் சுற்றியுள்ள சிறு சாலைகள் |

## காகிதம்

இத்தாலியில் வாங்குகிறீர்கள் என்றால் வண்டியைப் பார்ப்பதற்கு முன் பதிவைப் பாருங்கள். நம்பர் பிளேட்டை வைத்து வாகனப் பதிவேட்டில் நிலையைக் கேட்டுப் பெறலாம். பல ஆண்டு வரி கட்டாததால் அதிகாரிகளே பதிவை நீக்கிய வண்டிகள் ஏராளம். அவற்றை இத்தாலிய மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு அல்லது பழைய வாகனங்களுக்கான ஏஎஸ்ஐ அமைப்பு நடத்தும் வரலாற்று வாகனப் பதிவேட்டில் சேர்த்து, ஆய்வுக்கு உட்படுத்தி மீண்டும் சாலைக்குக் கொண்டுவர வழி இருக்கிறது. நேரமும் கட்டணமும் பிடிக்கும், ஆனால் முடியும். உடைப்பதற்கென்று உரிமையாளரே பதிவை ஒப்படைத்த வண்டி வேறு வகை. அந்தச் சிக்கலை வாசகர் தொடவே வேண்டாம். பெரியவர் காலமான வீடு என்றால் எல்லா வாரிசுகளும் கையெழுத்திட வேண்டியிருக்கும். ஒரு மகன் மட்டும் சிரித்த முகத்தோடு சாவியை நீட்டினால் மற்றவர்கள் எங்கே என்று கேளுங்கள்.

முப்பது ஆண்டு கடந்த வண்டிக்கு இத்தாலியில் வழக்கமான வாகன வரி இல்லை, சாலையில் ஓட்டினால் சிறு கட்டணம் மட்டும். பிரிட்டனில் நாற்பது ஆண்டு கடந்து, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிக்கு வாகன வரியும் ஆண்டுச் சோதனையும் இல்லை. ஆகவே லண்டன்வாசிக்கு எழுபதுகளின் குஸ்ஸியும் மொரினியும் ஆண்டுச் செலவில் தொண்ணூறுகளின் டுகாட்டியைவிட மலிவு. ஆனால் பிரெக்ஸிட்டுக்குப் பின் இத்தாலியிலிருந்து கொண்டுபோனால் சுங்க நடைமுறையும் இறக்குமதி அறிவிப்பும் சேரும். சுவிட்சர்லாந்தில் முப்பது ஆண்டு கடந்த வண்டிக்கு முதுவாகனத் தகுதி பெற்றால் சோதனை ஆறு ஆண்டுக்கு ஒருமுறைதான். அந்தத் தகுதிக்கு அசல் நிலை முக்கியம் என்பதால், மாற்றங்கள் செய்த டுகாட்டி அங்கே இன்னும் மதிப்பிழக்கும். ஊருக்குக் கொண்டுபோய்ச் சென்னையில் ஓட்டலாம் என்ற கனவோடு வாங்க வேண்டாம். இந்தியாவின் பழைய வாகன இறக்குமதி விதிகள் கடுமையானவை, வண்டி விலையைவிட அந்தப் போராட்டம் பெரிது.

## யாருக்கு எது

எழுப்பும் வேலையையே விரும்பி, இதற்கு முன் இத்தாலிய வண்டியைத் தொட்டிராதவருக்கு என் விடை எண்பதுகளின் குஸ்ஸி: பூச்சு மாறியபின் வந்தது, பெரிய இன்ஜின், பெயர்பெறாத மாதிரி. லமான்ஸ் வேண்டாம், பெயருக்குக் கொடுக்கும் பணத்தில் டயரும் காலிப்பரும் கிளட்சும் முடிந்துவிடும். எழுபதுகளின் டி3 கிடைத்தால், சிலிண்டர் விலையைக் கழித்த பிறகும் விற்பவர் ஒப்புக்கொண்டால் எடுங்கள்.

வேலையைவிட ஓட்டுவதில் நாட்டம் உள்ளவருக்கு டுகாட்டி. பெல்ட், பிரேக், கார்புரேட்டர், டயர் முடிந்ததும் இன்றைய சாலையில் மற்ற வாகனங்களோடு ஈடுகொடுத்துப் போகும் வண்டி மூன்றில் இது ஒன்றுதான். நல்ல பட்டறை ஒன்று அருகில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கராஜ் இல்லாதவருக்கும், ஏற்கெனவே ஓடும் வண்டி ஒன்று வைத்திருப்பவருக்கும், நீண்ட குளிர்கால மாலைகளை நுண்ணிய வேலையில் கழிக்க விரும்புபவருக்கும் மொரினி.

நான்காவது வழியையும் சொல்லாமல் விட முடியாது. இதே மூன்று வண்டிகளும் வேறொருவர் எழுப்பி, ரசீதுகளோடு, ஓடும் நிலையில் விற்பனைக்கு வருகின்றன. பெரும்பாலும் அவர் செலவிட்ட தொகையைவிடக் குறைவாகவே விற்கிறார், உழைப்புக்குச் சந்தை பணம் தருவதில்லை. அடுத்த கோடையில் ஓட்ட வேண்டும் என்பதே உங்கள் ஆசை என்றால் அதை வாங்குங்கள். அப்போதும் பெல்ட் மாற்றிய தேதியைக் கேளுங்கள். டுகாட்டியில் அது இரண்டு ஆண்டைத் தாண்டியிருந்தால், ஓடும் வண்டியானாலும் வீட்டுக்கு வேனில்தான் வர வேண்டும்.